பங்கருக்குள் புளித்த கறுப்புப் பியர்

நத்தார்ப் பண்டிகைக்குப் பியர் காய்ச்ச வேண்டும் என்று நான் முடிவெடுத்தது குடிக்கும் ஆசையால் அல்ல. என் மனுசனைப் பங்கருக்குள் இறக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. எலிப்பொறிக்குள் கருவாட்டுத் துண்டு வைக்கிறோமே, அதே யோசனைதான்.

குண்டு போடுகிற பொம்மர் வந்தால் நீர்வேலியில் ஆடுமாடு தவிர எல்லாம் நிலத்துக்குக் கீழே ஓடும். இவர் மட்டும் கிணற்றடிக்குப் போய், துலாவின் கீழே குந்திக்கொண்டு ஆகாயத்தைப் பார்ப்பார். நான் பங்கர் வாசலில் நின்று கத்துவேன். கெஞ்சுவேன். செத்துப்போன மாமியாரையும் இழுத்துத் திட்டுவேன். அசையமாட்டார். சத்தம் ஓய்ந்து நாங்கள் மேலே ஏறி வரும்போது, ஒன்றுமே நடக்காதவர் போல வாழைச் சருகு வெட்டிக்கொண்டு நிற்பார்.

ஏன் அப்படிச் செய்கிறார் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. மயிலிட்டியில் எங்கள் வீடு கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. சண்டை தொடங்கியபோது எல்லோரையும் போல அவரும் வளவுக்குள் பங்கர் வெட்டினார். ஆனால் அது கடற்கரை மணல். ஈரமாக இருக்கும்வரை சுவர் போல நிற்கும், காய்ந்தால் தண்ணீர் போல ஓடும். தென்னங்குற்றி அடுக்கி, மேலே மண்மூட்டை போட்டு, "இனிப் பயமில்லை" என்றார். ஷெல் அடி தொடங்கிய அன்று நான் அடுப்படியில் நின்றேன். "நீ முதல் இறங்கு தம்பி, நான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பின்னாலை வாறன்" என்று அவர் மகனுக்குச் சொன்னது எனக்குக் கேட்டது. ஓடி வந்து என் கையைப் பிடித்தார். நான் உலையை இறக்கிவிட்டு வருகிறேன் என்று நின்றேன். பொங்கி வழிகிற சோற்றை விட்டுவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை. நாங்கள் வாசலுக்கு வருவதற்குள் பக்கத்து வளவில் ஒன்று விழுந்தது. அந்த அதிர்வில் குற்றிகள் சரிந்து மணல் இறங்கிவிட்டது.

அவனுக்குப் பதினேழு வயது. எங்களுக்கு அவன் ஒருவன்தான். இவர் வெறுங்கையால் தோண்டினார். நகம் எல்லாம் கழன்றுபோயிருந்தது. அவனை அடக்கம் செய்த மறுநாளே ஊர் முழுவதும் கிளம்பியது. நாங்களும் ஒரு பானையையும், அவர் தோளில் போட்ட ஒரு வலையையும் கொண்டு நடந்தோம். கடைசியில் நீர்வேலியில் ஒரு வாழைத்தோட்டக்காரர் வீட்டில், வாழைக்குலை அடுக்கும் கொட்டிலில் இடம் கிடைத்தது. கடலைத் தவிர வேறு ஒன்றும் தெரியாத மனுசன் தோட்டத்தில் கூலிவேலை செய்தார். வலை கொட்டில் மூலையில் சுருண்டு கிடந்தது. அதை அவர் ஒரு நாளும் தொட்டதில்லை. மகனைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதும் இல்லை.

இடம்பெயர்ந்து வந்த மூன்றாவது கார்த்திகை மாதம் அது. வீட்டுக்கார அக்கா விளக்கீட்டுக்குத் தீபம் வைக்க எண்ணெய் இல்லையே என்று புலம்பிய கிழமை. பொம்மர் இரண்டு முறை சுற்றிவிட்டு எங்கேயோ போட்டது. குண்டின் துண்டு ஒன்று பறந்து வந்து கிணற்றடி வாழைகள் இரண்டைக் கழுத்தோடு அரிந்துவிட்டுப் போயிருந்தது. அந்த வாழைகளுக்கு நாலு முழம் தள்ளி இவர் குந்தியிருந்தார். சட்டை முழுவதும் வாழைப்பால்.

"கண்டீங்களோ? அடுத்தது உங்கடை கழுத்து" என்றேன்.

"வரட்டும்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். அதுவரை பிடிவாதம் என்று நினைத்திருந்தேன். மனுசன் காத்துக்கொண்டு இருக்கிறார் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. மகனைக் கொடுத்தாயிற்று, இவரையும் கொடுத்துவிட்டு நான் யாருக்குச் சோறு வடிப்பது? அன்று முழுவதும் மண்டையைப் போட்டு உடைத்தேன். இந்த மனுசனுக்கு உலகத்தில் எது பிடிக்கும்? அதை அந்தக் குழிக்குள் வைத்தால் ஒரு தரமாவது இறங்குவாரா? உள்ளே நான் இருக்கிறேன் என்பதற்காக அவர் ஒரு நாளும் இறங்கியதில்லை. அது என்னைச் சுட்டது. அதை இப்போதும் மறைக்க மாட்டேன்.

அப்போதுதான் சுவாமியாரின் கறுப்புப் பியர் நினைவுக்கு வந்தது.

கலியாணத்துக்கு முன்னர் நான் ஒரு கத்தோலிக்கக் கோயில் அறைவீட்டில், சுவாமியாருக்குச் சமைக்கும் குசினியில் வேலை செய்தேன். சுவாமியார் அயர்லாந்து தேசத்தவர். வருடம் முழுவதும் சோற்றையும் மீன்குழம்பையும் குறை சொல்லாமல் சாப்பிடுவார். மார்கழி பிறந்தால் மட்டும் ஆளைப் பிடிக்க முடியாது. குசினியை என்னிடமிருந்து பறித்துக்கொண்டு தன் ஊர் முறையில் பியர் காய்ச்சத் தொடங்குவார். முளைகட்டிய பார்லி, அதில் ஒரு பங்கைக் கரியாகும்வரை வறுப்பார். அவருடைய தமக்கை பொதி கட்டி அனுப்பிய காய்ந்த கசப்புப் பூ, சீனி, கொழும்பிலிருந்து தகரத்தில் வரும் ஈஸ்ட். என் வேலை போத்தல் கழுவுவது. கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் கண்ணால் களவெடுத்தேன். பியரைக் கட்டிலுக்குக் கீழே ஈரச்சாக்கால் மூடி வைத்துவிட்டு, "எங்கள் வீட்டில் இதற்கென்று நிலத்துக்குக் கீழே அறை இருக்கிறது, இந்த ஊரில் ஒரு குழிகூட இல்லை" என்று முணுமுணுப்பார். பாவம், இருபது வருடம் பிந்தி வந்திருந்தால் வீட்டுக்கு ஒரு குழி காட்டியிருப்பேன்.

ஒரு நத்தார் காலையில் மீன் கொண்டுவந்த மயிலிட்டிப் பெடியன் ஒருவனுக்குச் சுவாமியார் அதில் ஒரு கிளாஸ் கொடுத்தார். அவன் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, மேலுதட்டில் நுரையோடு என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்த நுரையிலே வழுக்கி விழுந்தவள்தான் நான். சுவாமியார் தன் நாட்டுக்குத் திரும்பிப் போய்விட்டார். கலியாணம் முடித்த பிறகு இவர் ஒவ்வொரு நத்தாருக்கும் பட்டணத்தில் ஒரு போத்தல் ஸ்ரவுட் என்கிற கறுப்புப் பியர் வாங்கி வருவார். பூசை முடிந்து வந்து, அதைக் குடித்து, வாயைத் துடைத்துவிட்டு, "சுவாமியாற்றை கறுப்புத் தண்ணிக்கு உது கிட்டவும் வராது" என்பார். பதினெட்டு நத்தாருக்கும் அதே வசனம். ஒரு முறை அவர் வாய் திறக்க முன்னம் நானே சொல்லிவிட்டேன். அன்று பின்னேரம்வரை என்னோடு கதைக்கவில்லை. நீர்வேலிக்கு வந்த பிறகு ஸ்ரவுட்டும் இல்லை, வசனமும் இல்லை. இரண்டு நத்தார் வெறும் நாளாகக் கழிந்து போயின.

காய்ச்சுவது என்று முடிவெடுத்தாயிற்று. எதைக் கொண்டு காய்ச்சுவது? சண்டையால் பாதை பூட்டி, சவர்க்காரமும் நெருப்புப்பெட்டியும்கூடக் கண்ணில் காணாத காலம். பார்லிக்கு நான் எங்கே போக? ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. வீட்டுக்கார அக்காவிடம் குரக்கன் தானியம் கேட்டு வாங்கினேன். பயறு முளைகட்டுவது போலத் துணியில் கட்டி முளைக்க வைத்தேன். அது மாரி மழை. காயவைக்க வெயில் கிடையாது. அடுப்புக்கு மேலே சுளகைக் கட்டித் தொங்கவிட்டு, மூன்று நாள் புகையிலே உலர்த்தினேன். ஒரு பங்கைத் தாச்சியில் போட்டுக் கோப்பிக்கு வறுப்பதைவிடக் கறுப்பாக வறுத்தேன். சீனிக்குப் பனங்கட்டி. கசப்புப் பூவுக்குத்தான் முழித்துக்கொண்டு நின்றேன். அக்கா வடகத்துக்கென்று காயவைத்த வேப்பம்பூ பானைக்குள் இருந்தது. பூவுக்குப் பூ, கசப்புக்குக் கசப்பு. இரண்டு கை அள்ளினேன். ஈஸ்ட்டுக்குப் பேக்கரியில் போய் நின்றேன். அவர்களும் அந்த நாட்களில் தென்னங்கள்ளு மண்டி விட்டுத்தான் பாண் மா புளிக்க வைத்தார்கள். ஒரு சிரட்டை மண்டி தந்தார்கள்.

இறக்கி ஆறவைத்த கறுப்புத் தண்ணீரை நான் பானையோடு பங்கருக்குள் கொண்டு போவதை அக்கா கண்டுவிட்டார். அவர் வெள்ளிக்கிழமை முட்டைக்கோதுகூட வளவுக்குள் விடாத மனுசி.

"எடி பிள்ளை, உதென்ன சாராயமோ? கசிப்பெண்டு ஆரும் கேள்விப்பட்டால் எங்களையும் சேத்தெல்லோ கொண்டு போவினம்."

"இல்லையக்கா. குரக்கன் தண்ணி. நத்தாருக்கு அவருக்குக் குடுக்க."

"உதை ஏன் பங்கருக்கை வைக்கிறாய்?"

"குளிரிலை இருக்க வேணும் அக்கா." கொஞ்சம் பொறுத்து உண்மையையும் சொன்னேன். "உது உள்ளுக்கை இருந்தால் அவர் ஒருக்கால் இறங்கிப் பாப்பாரெண்டு நினைக்கிறன்."

அக்கா என்னையும் பானையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "பிள்ளையள் தட்டி ஊத்தாமல் பின்பக்கமா வை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த நாள் வாசலில் இன்னும் ஒரு குட்டான் பனங்கட்டி இருந்தது.

அந்தப் பங்கருக்கு ஐந்து படி. செம்பாட்டு மண்ணில் வெட்டிய படிகள். இவர் எத்தனையாவது படியில் நிற்கிறார் என்பதுதான் அந்த மார்கழி முழுவதும் என் கணக்கு. முதல் நாள் வாசலுக்கு வெளியே நின்றபடி மூக்கைச் சுருக்கினார்.

"உள்ளுக்கை என்ன மணக்குது?"

"சுவாமியாற்றை கறுப்புத் தண்ணி."

நம்பாதவர் போல என்னைப் பார்த்தார். தோட்டத்துக்குப் போய்விட்டார். மூன்றாம் நாள் தானாக வந்து, "இரையுதோ?" என்று கேட்டார். பானை வாய்த் துணியில் காதை வைத்துவிட்டு மேலே வந்து, "ஓம், சிணுங்குது" என்றேன். அன்றைக்கு முதலாம் படியில் கால் வைத்தார். பிறகு இரண்டாம் படிவரை வந்து கழுத்தை நீட்டினார். அவர் கை சுவரைத் தொட்டது. தொட்ட கையை உடனே எடுத்துக்கொண்டு மேலே ஏறி, வாழைகளுக்குள் மறைந்துவிட்டார். அன்று பின்னேரமே பொம்மர் வந்தது. பழையபடி துலாவின் கீழே போய்க் குந்திக்கொண்டார். நான் உள்ளே பானையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். பானை தன்பாட்டில் சிணுங்கிக்கொண்டிருந்தது.

பானையின் நுரைப்பு அடங்கியதும் போத்தலில் விட வேண்டும். பியர்ப் போத்தல் ஊர் முழுக்க இருந்தது, ஆனால் எல்லாவற்றிலும் மண்ணெண்ணெய். விளக்குக்கு எண்ணெய் வைக்க வேறு என்ன இருந்தது? பத்துப் போத்தல் இரந்து சேர்த்து, சாம்பல், புளி, சுடுமணல் என்று போட்டுக் குலுக்கிக் கழுவினேன். மணம் போகவேயில்லை. போத்தலுக்கு ஒவ்வொரு கட்டி பனங்கட்டியும் போட்டேன். சுவாமியார் ஒரு கரண்டி சீனிதான் போடுவார். நுரை கூடினால் பழைய சிரிப்பு வரும் என்று என் புத்தி கணக்குப் போட்டது. மூடிதான் இல்லை. சுவாமியாரிடம் மூடி அடிக்க ஓர் இரும்புக் கருவி இருந்தது. என்னிடம் இருந்தது கொட்டில் மூலையில் கிடந்த வலை.

அவர் தோட்டத்துக்குப் போயிருந்த நேரம் வலையின் மிதப்புக்கட்டைகள் பத்தை அறுத்தேன். அந்த வலையிலிருந்து ஒரு கண்ணை அறுத்தாலும் கொலை விழுந்திருக்கும், அது மயிலிட்டிக் காலம். கட்டைகளைச் செதுக்கிப் போத்தல் வாயில் அடைத்து, மேலால் தங்கூசி நூலால் கட்டத் தொடங்கினேன். முதல் போத்தலைக் கட்டி முடிக்கும்போது வாசலில் நிழல் விழுந்தது.

அவர் வலையைப் பார்த்தார். போத்தலைப் பார்த்தார். ஏச்சு வரப்போகிறது என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"உது முடிச்சே?" என்றார்.

"ஏன், முடிச்சுக்கு என்ன?"

"மாட்டுக்குக் கயிறு கட்டினமாதிரிக் கிடக்கு. இஞ்சை கொண்டா."

குந்தியிருந்து மீதி ஒன்பது போத்தலையும் அவர்தான் கட்டினார். நூலை நனைத்து, இரண்டு சுற்றுச் சுற்றி, பல்லால் கடித்து இழுத்து, கடலில் எந்தச் சுறா இழுத்தாலும் இளகாத முடிச்சு. இரண்டரை வருடத்துக்குப் பிறகு அவருடைய விரல்கள் கடல் வேலை செய்வதைப் பார்த்தேன். நகம் எல்லாம் கோணலாக முளைத்திருந்தது. பத்துப் போத்தலையும் கொண்டுபோய்ப் பங்கரின் பின்பக்கம் மண்ணில் பதித்து, சாக்கால் மூடினேன். அந்த முடிச்சைப் பற்றிய பெருமையில் எனக்கு ஒன்று மறந்துவிட்டது. சுவாமியாரின் மூடி கொஞ்சம் மூச்சு விடும். இவருடைய முடிச்சு விடாது.

நத்தாருக்கு முதல் நாள். வீட்டுக்கார அக்கா குடும்பத்தோடு ஓர் அந்தியேட்டிச் சடங்குக்காகக் கரவெட்டிக்குப் போயிருந்தார். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனார். அவர்கள் அன்று வீட்டில் நின்றிருந்தால் என்று நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு பதறும். மத்தியானம், நான் அரிசி மா இடித்துக்கொண்டிருந்தேன். இரைச்சல் கேட்டது. உலக்கையைப் போட்டுவிட்டு ஓடினேன். இவர் கிணற்றடியை நோக்கி நடந்தார்.

"என்னப்பா, நாளைக்கு நத்தார். இண்டைக்கு மட்டும் வாங்கோவன்!"

திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில், "அப்ப நானும் இனி உங்களைக் கூப்பிட மாட்டன், செத்துத் துலையுங்கோ" என்று கத்திவிட்டு இறங்கினேன். அந்த வார்த்தை வாயைவிட்டு வெளியே போனதுமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். பின்பக்கம் போய், சாக்குக்குப் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தேன். செபமாலை சொல்ல வாய் வரவில்லை.

குண்டு விழுந்தது. கிட்டத்தான். நிலம் ஒரு தரம் தூக்கிப்போட்டது. அதோடு என் காதுக்குப் பக்கத்தில் இன்னொரு வெடி. பிறகு ஒன்று. பிறகு வரிசையாக. இருட்டுக்குள் என்னவோ என் தோளைக் கிழித்தது. முகமெல்லாம், உடம்பெல்லாம் ஈரம். பங்கருக்குள்ளேயே விழுந்துவிட்டது என்று நினைத்து நான் தொண்டை கிழியக் கத்தினேன். அந்த ஈரம் நுரைத்து, வேப்பம்பூவும் மண்ணெண்ணெயும் மணந்தபோதுதான் அது பியர் என்று விளங்கியது.

அதற்குள் வாசல் வெளிச்சம் மறைந்தது. அவர் இறங்கி வந்தார். ஐந்து படியையும் எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. என்னைத் தாண்டிக்கொண்டு போய், பின்சுவரில் விழுந்து, இரண்டு கையாலும் மண்ணை விறாண்டத் தொடங்கினார்.

"தம்பி! தம்பி! அப்பா வந்திட்டன் ராசா! வந்திட்டன்!"

விழாத மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தார். நான் பின்னால் இருந்து அவரைக் கட்டிப்பிடித்தேன். உதறினார். திரும்பவும் பிடித்தேன். "என்னப்பா, நான். நான்தான். மண் இறங்கேல்லை. போத்தல்தான் வெடிச்சது. இஞ்சை பாருங்கோ, போத்தல்தான்" என்று எத்தனை முறை சொன்னேனோ தெரியாது. கடைசியில் அவர் கை என் முகத்தைத் தடவியது. கண், மூக்கு, வாய் என்று ஒவ்வொன்றாகத் தடவியது. பிறகு மடியில் தலையைப் போட்டு அழுதார். மகனை அடக்கம் செய்த அன்றுகூட அந்த மனுசன் அழவில்லை.

பொம்மர் திரும்பவும் சுற்றி வந்தது. இப்போது எழுந்து ஓடப்போகிறார் என்று அவருடைய சட்டையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன். அவர் எழும்பவில்லை. கையை மட்டும் நீட்டிச் சுவரைத் தடவினார். ஒரு பிடி மண்ணை எடுத்துக் கசக்கினார்.

"செம்பாடு" என்றார். "உது இறுகின மண். விழாது."

"ஓம்."

கையிலிருந்த மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே உதிர்த்தார். பிறகு சொன்னார். "அந்த மணலுக்கு நான் ஒவ்வொருநாளும் தண்ணி தெளிச்சிருக்க வேணும். தெரியும் எனக்கு. காய விட்டிட்டன்."

இரண்டரை வருடம் தொண்டைக்குள் வைத்திருந்தது அது. உண்மையைச் சொன்னால், நானும் மனதுக்குள் அவரைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். கடற்கரை மணலில் குழி வெட்டின விசரன் என்று, சோறு போடும்போதெல்லாம் நினைத்திருக்கிறேன். அது அவருக்கும் தெரிந்திருக்கும்.

"நானும் உலை இறக்கிக்கொண்டு நிண்டனான். நீங்கள் கூப்பிட்டவுடனை வந்திருக்க வேணும்" என்றேன்.

"விடு" என்றார். என் தோளின் இரத்தம் கையில் பட்டதும், "எடியே, காயமெல்லோ" என்று பதறித் தன் சாரத்தைக் கிழித்துக் கட்டினார். அதையும் அந்தச் சுறா முடிச்சுத்தான் போட்டார். பிறகு அவிழ்க்க முடியாமல் கத்தியால் வெட்டி எடுத்தோம்.

வெளிச்சத்தில் போய்ப் பார்த்தால் ஒன்பது போத்தல் தூள். அவ்வளவும் அவர் கட்டியவை. கழுத்துகள் மட்டும் கட்டையும் முடிச்சும் கலையாமல் அப்படியே கிடந்தன. நான் கட்டிய மாட்டுக்கயிற்று முடிச்சுப் போத்தல் மட்டும் தப்பியிருந்தது. கட்டை பாதி வெளியே தள்ளி, காற்றெல்லாம் போய், ஓரமாகக் கசிந்துகொண்டு நின்றது. அவர் அதைக் கையில் எடுத்து முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் சொல்லிக்காட்டவில்லை, அதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

சாமப்பூசை பொம்மருக்குப் பயந்து விடியற்புறத்துக்கு மாறியிருந்தது. நடந்து போய்ப் பூசை கண்டு வந்தோம். கொட்டில் வாசலில் இருந்து, அந்த ஒரு போத்தலைச் சில்வர் பேணியில் ஊற்றிக் கொடுத்தேன். நுரை பேருக்குக்கூட இல்லை. அடிமண்டி, கலங்கல், நிறம் மட்டும் கறுப்பு. அவர் ஒரு மிடறு குடித்தார். முகம் கோணியது. இன்னொரு மிடறு குடித்தார். நான் பேணியைப் பார்க்காமல் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மண்ணெண்ணெய் மணக்குது" என்றார். வாயைத் துடைத்தார். "சுவாமியாற்றை கறுப்புத் தண்ணிக்கு உது கிட்டவும் வராது."

எனக்கு அடுப்பைப் பார்க்க வேண்டியிருந்தது. உள்ளே போய், எரியாத அடுப்பை ஊதிக்கொண்டு கனநேரம் இருந்தேன். கண்ணில் தண்ணீர் வருவதற்குப் புகை வேண்டுமே, அதற்காக ஈரமட்டை ஒன்றையும் செருகினேன். பேணியை முழுவதும் குடித்து முடித்துவிட்டுத்தான் வைத்தார்.

நத்தார் என்று ஆகாயத்துக்குத் தெரியுமா? பின்னேரம் திரும்பவும் இரைச்சல் கேட்டது. நான் எழும்பினேன். கூப்பிட மாட்டேன் என்று முதல் நாள் கத்தியது நினைவு வந்து, வாய் கட்டிப்போய் நின்றேன். அவரும் எழும்பினார். கிணற்றடிப் பக்கம் ஒரு முறை பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு பங்கர் வாசலுக்கு வந்தார்.

நான் விலகி நின்று, "நீங்கள் முதல் இறங்குங்கோ" என்றேன். அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். அப்படியென்றால் நான் முதலில் என்று காலை வைத்தேன். கையை விடவில்லை. அவருடைய பிடி இறுகியது.

"முதலும் வேண்டாம், பின்னும் வேண்டாம்" என்றார். "ரெண்டு பேரும் ஒண்டா இறங்குவம்."

அந்த வாசல் ஓர் ஆள் நுழைகிற அகலம்தான். இருவரும் பக்கவாட்டில் திரும்பி, நெஞ்சோடு நெஞ்சு முட்ட, ஒவ்வொரு படியாக இறங்கினோம். கட்டுப்போட்ட என் தோள் சுவரில் உரசி நொந்தது. அவர் ஐந்து படியையும் வாய்விட்டு எண்ணிக்கொண்டு வந்தார்.